சாட்சிப் பெட்டி

பெரியவர் தம்பியின் கீழ் யார்டுக்குப் போகும் கேபிளை வெட்டச் சொன்னது மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவுகிற நேரத்தில். சின்னவர் தன் ஆட்களை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் கிட்டத்தட்ட அப்போதுதான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டாலும், அயோக்கியத்தனம் மட்டும் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றும். அப்பா விட்டுப்போனதில் அந்த ஒன்றைத்தான் சண்டையில்லாமல் சரிபாதி பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மேல் யார்டின் மாடி அறையில் கம்ப்யூட்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லாரி கம்பெனியின் தரவுத்தளத்தைக் கட்டி மேய்ப்பவள் அவள். பேர் டிரைவர்கள் வைத்தது. திரையில் எப்போதும் மூன்று பச்சை வரிகள் இருக்கும்: மேல், கீழ், சாட்சி. மூன்றும் ஓயாமல் ஒன்றை ஒன்று ‘இருக்கியா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும், ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவளுடைய தொழிலில் இதற்கு நாடித்துடிப்பு என்றே பேர். அன்று நடுவரி மஞ்சளாகி, பிறகு சிவந்தது. கீழ் யார்டிலிருந்து பதிலில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதற்குள் கதவு திறந்தது. பெரியவர் வந்தார், பின்னால் மொட்டை. மொட்டைக்குப் பெரியவரிடம் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. அவன் கைகளைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. அன்று ஒரு கையில் சக்கரம் கழற்றுகிற இரும்புக் கம்பி இருந்தது.

“தங்கச்சி, கீழ இருக்கறதைச் சுட்டுடு” என்றார் பெரியவர், ஜன்னலைச் சாத்து என்கிற குரலில்.

விஷயம் இதுதான். எந்த வண்டி எந்தச் சரக்கோடு எங்கே போகிறது, எந்த டேங்கரில் என்ன இருக்கிறது, எந்த கேட் எந்த வண்டிக்குத் திறக்கும் என்பதெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருந்தது. அது நின்றால் கம்பெனி நிற்கும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தாள். மேல் யார்டு இயந்திரம் எழுதும். கீழ் யார்டு இயந்திரம் அதே வரியை அதே மூச்சில் பிரதி எடுக்கும். எழுதுகிறது விழுந்தால் பிரதி எழுந்து எழுத ஆரம்பிக்கும். டிரைவர் பீடி பற்றவைத்து முதல் புகை விடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நடுவில் ஓடும் கேபிள் அறுந்தால், இரண்டும் உயிரோடு இருந்துகொண்டே, மற்றது செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். இரண்டும் எழுத ஆரம்பிக்கும். ஒரு கம்பெனிக்கு இரண்டு உண்மைகள் பிறந்துவிடும். ஆரம்ப நாட்களில் ஒருமுறை அப்படி நடந்தது, கொஞ்ச நேரம்தான். மேல் இயந்திரம் இறக்குமேடையை ஒரு டேங்கருக்குக் கொடுத்தது; கீழ் இயந்திரம் அதே மேடையை இரும்புக்கம்பி ஏற்றிய லாரிக்குக் கொடுத்தது. இரண்டும் பின்பக்கமாக வந்தன. நடுவில் நின்ற சுமைக்காரரை வெளியே எடுத்தபோது இடுப்புக்குக் கீழே மனித வடிவத்தில் இருந்தது கால்சட்டை மட்டும்தான். அவள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பின்பக்கமாக வரும் லாரியின் ‘பீப் பீப்’ கேட்டால் இன்றும் அவள் எழுந்துபோய், நடுவில் ஆள் நிற்கிறதா என்று பார்ப்பாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மூன்றாவது, சாட்சிப் பெட்டி. சோப்பு டப்பா அளவு. உள்ளே கம்பெனியின் தரவு ஒரு வரிகூடக் கிடையாது. அதன் வேலை ஓட்டுப் போடுவது மட்டும். மூன்றில் இரண்டு ஒன்றை ஒன்று பார்க்க முடிந்தால் அந்தப் பக்கம் ஓடலாம். தனியாக மாட்டிக்கொண்டது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். அப்படியும் அடங்காத இயந்திரத்தைச் சுடலாம். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் தனி சிம் போட்ட ஒரு ஸ்விட்ச் வழியாகப் போகிறது. இங்கிருந்து ஒரு கட்டளை தட்டினால் அங்கே பட்டென்று அணைந்துவிடும். சுடுவது என்பதும் தொழிலில் உள்ள சொல்தான்.

சாட்சியை எங்கே குடிவைப்பது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சட்டை கிழிந்தது. இவர் யார்டில் வைக்க அவர் விடவில்லை, அவர் யார்டில் வைக்க இவர் விடவில்லை. அப்போது உயிரோடிருந்த அப்பா, “சும்மா கிடைக்கிற இடமாப் பாரும்மா” என்றார். சும்மா கிடைத்தது அவள் புருஷனின் டயர் கடை. இரண்டு யார்டுக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. டியூப் ஒட்டும் பசை டப்பாக்களுக்கு இடையே சாட்சி ஏறி உட்கார்ந்தது.

இதையெல்லாம் அவள் ஒருநாள் கூட்டம் கூட்டி, படம் போட்டு, அண்ணன் தம்பிக்கு விளக்கினாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். பிரதி, நாடித்துடிப்பு என்று தொண்டை வறளப் பேசியதெல்லாம் மின்விசிறிக் காற்றோடு போயிற்று. இருவர் காதிலும் தங்கியவை இரண்டே சொற்கள்: ஓட்டு, சுடுவது. ஓட்டு என்றால் வாங்க வேண்டும், வாங்க முடியாவிட்டால் பிடுங்க வேண்டும் என்று பால்குடியிலேயே கற்ற குடும்பம். பெட்டி யார் கையில் இருக்கிறதோ ஓட்டு அவருக்கு என்று இருவரும் தனித்தனியே முடிவுகட்டிவிட்டார்கள். பெட்டியை மடியில் வைத்துக் கொஞ்சினாலும் அது தன் கண்ணுக்குத் தெரிகிற இயந்திரத்துக்குத்தான் ஓட்டுப் போடும், பிளக்கைப் பிடுங்கினால் யாருக்குமே போடாது என்பது அந்தத் தலைகளில் ஏறவேயில்லை.

“சுடறதுக்கு என்னண்ணே அவசரம்?” என்றாள் கம்ப்யூட்டரம்மா. “கீழ இருக்கறது தானா வாயை மூடிக்கிட்டுத்தான் கிடக்கு. சாட்சி நம்ம இயந்திரத்தைப் பாத்துட்டு இருக்கு. எல்லாம் ஓடுது.”

“ஓட்டு நம்மகிட்ட இருக்கற வரைக்கும் ஓடும். அதைப் பிடுங்கத்தான் அவன் ஆளுங்க கிளம்பிட்டானுங்களே.”

“எங்க கிளம்பிட்டாங்க?”

பெரியவர் நகத்தைப் பார்த்துக்கொண்டார். மொட்டைதான் சொன்னான். “டயர் கடைக்கும்மா. கவலைப்படாதீங்க, நம்ம ஆளுங்களும் போயிருக்காங்க.”

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். டயர்காரன் உடனே எடுத்தான்.

“சொல்லுடி. சாப்பிட்டியா?”

“யோவ், கடையை அப்படியே விட்டுட்டு ஓடு.”

“ஏன், உங்கம்மா வராங்களா?”

“விளையாடாத. ரெண்டு பக்கத்து ஆளும் வரானுங்க. அந்தப் பெட்டியைக் கழட்டிக் கையில குடுத்துட்டுப் போயிடு.”

“வந்துட்டாங்க. இந்தப் பக்கம் ஒரு ஜீப்பு, அந்தப் பக்கம் ஒரு வேன். நம்ம கடைக்கு இவ்வளவு கூட்டம் நான் பாத்ததே இல்ல. ஒருத்தன்கூட டயர் கொண்டு வரலங்கறதுதான் வருத்தம்.”

“குடுத்துடுய்யா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“எவன்கிட்டக் குடுக்கறது? இவன்கிட்டக் குடுத்தா அவன் வெட்டுவான், அவன்கிட்டக் குடுத்தா இவன் வெட்டுவான். யார்கிட்டயும் குடுக்கலேன்னா அடிதான் விழும். கணக்குப் போட்டுப் பாரு, எது மலிவுன்னு. நீயும்தானே சொல்லி வச்ச, யார் கேட்டாலும் கழட்டாதேன்னு.”

“அது டிரைவருங்க போனுக்குச் சார்ஜ் போடறாங்கன்னு சொன்னதுய்யா.”

அவன் சிரித்தது கேட்டது. பிறகு “இருடி, வரேன்” என்றான், யாரோ வாடிக்கையாளரைக் கவனிக்கப் போகிறவன்போல.

போனை அவன் அணைக்கவில்லை. மேஜைமேல் வைத்திருக்க வேண்டும். ஷட்டரை இழுத்துத் தள்ளும் சத்தம் வந்தது. “பெட்டி எங்கடா” என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கேள்வி. கம்ப்ரஸர் காற்றுக்குழாயை யாரோ முகத்துக்கு நேராகத் திறந்துவிட்டதுபோல ஒரு சீறல். அதற்குப் பின்னால் கண் போன ஆளின் அலறல். இரும்பு எலும்பில் இறங்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது. முதல் அடி அவள் புருஷன் கொடுத்தது; “முட்டி, முட்டி” என்று எவனோ கத்தினான். இரண்டாவது, மூன்றாவது அடிகளுக்கு யாரும் கத்தவில்லை. மூச்சு மட்டும் ‘ஹக்’ என்று வெளியே வந்தது. அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் படுத்துத்தான் தினமும் தூங்குகிறாள். அப்புறம் போன்மேல் ஏதோ விழுந்து நொறுங்கியது.

திரையில் சாட்சி வரி இன்னும் பச்சையாக இருந்தது. பெட்டி துடிக்கிறது என்றால் அதை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. பிடுங்கவில்லை என்றால் அவன் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அது மகிழ வேண்டிய செய்தியா அழ வேண்டிய செய்தியா என்று அவளுக்குப் புரியவில்லை.

“ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுங்கண்ணே. அப்புறம் சுடறேன்.”

“முதல்ல சுடு.”

“கீழ அணைஞ்சதுன்னா சின்னவருக்கு வெறி பிடிக்கும். மொத்தமும் என் வீட்டுக்காரர் மேலதான் விழும். கூப்பிடுங்க முதல்ல.”

“சரக்கு கைக்கு வராம எவனாவது விலை குடுப்பானா தங்கச்சி?”

“இந்தச் சரக்குக்கு நான் ஒருத்திதான் கடை. எதிர்க்கடை கிடையாது.”

பெரியவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நல்ல வியாபாரியைப் பார்த்த சந்தோஷத்தில் மெல்லச் சிரித்தார். சிரித்தபடியே மொட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். மொட்டை அவளுடைய இடது கையை மேஜைமேல் பரப்பி, சுண்டுவிரலை மட்டும் தனியே பிரித்தெடுத்து, பென்சில் ஒடிப்பதுபோல ஒடித்தான். வலி வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

“எதிர்க்கடை திறந்தாச்சு” என்றார் பெரியவர்.

அவள் வாயில் ரத்தம் கரித்தது, நாக்கைக் கடித்திருந்தாள். மொட்டை அடுத்த விரலைத் தடவிக்கொண்டிருந்தான், அவசரமில்லாமல், துணிக்கடையில் தரம் பார்ப்பவன்போல. விரல்கள் போனால் தட்டச்சு போகும். தட்டச்சு போனால் புருஷனுக்காகப் பேரம் பேச அவளிடம் ஒன்றுமே மிச்சமிருக்காது. அவள் வலது கையால் கட்டளையைத் தட்டினாள். கீழ் யார்டில் மின்சாரம் பட்டென்று போனது. சிவந்திருந்த நடுவரி கறுத்தது.

“சுட்டாச்சு. கூப்பிடுங்க.”

பெரியவர் போனை எடுத்தார், எண்ணைத் தேடினார், பிறகு எடுத்த போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “பெட்டியும் வந்துடட்டும். வேலையைப் பாதியில விட்டா நல்லா இருக்காது.”

சரக்கு கைமாறிய பிறகு விலையைக் குறைக்கிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்த ஏமாற்று அவளுக்குப் புதிதில்லை. அந்த நேரத்தில் சாட்சி வரி பச்சையிலிருந்து மஞ்சளாகி, மறுபடி பச்சையாகி, மறுபடி மஞ்சளானதுதான் புதிது. பிளக்கை ஒருவன் இழுக்கிறான், ஒருவன் திரும்பச் செருகுகிறான். செருகுகிறவன் எவ்வளவு நேரம் தாங்குவான்?

அவள் யோசிக்கவில்லை. அதே கட்டளையை மறுபடி எடுத்தாள், ‘கீழ்’ என்று இருந்த இடத்தில் ‘மேல்’ என்று மாற்றினாள், தட்டினாள்.

பக்கத்து அறையில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த விசிறிகள் அடங்கின. அந்த நிசப்தத்தில், கீழே முன்வாசல் கேட்டின் இரும்புத் தாழ்கள் தடதடவென்று விழுந்தது நன்றாகக் கேட்டது. கேட்பதற்குத் தரவுத்தளம் இல்லாவிட்டால் கேட் யாருக்கும் திறக்காது. கையால் திறக்கிற பிடியும் இல்லை. போன மாதம் சின்னவரின் ஆட்கள் அதைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து மேனேஜரின் தாடையைப் பெயர்த்ததால், பெரியவரே அதை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்.

மொட்டை அவளை நாற்காலியோடு சேர்த்து உதைத்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். கம்பி ஓங்கியது.

“தலையில அடிக்காத மொட்டை” என்றாள் தரையில் கிடந்தபடி. “அதுலதான் இருக்கு. சுட்ட இயந்திரத்தை எழுப்ப ஒரு சாவிச்சொல் வேணும். வேற எங்கயும் எழுதி வைக்கல.”

கம்பி பாதி வழியில் நின்றது. பிறகு, வீணாக ஓங்கியதாக இருக்க வேண்டாம் என்று, அவள் தொடையில் இறங்கியது.

“என் புருஷனை உயிரோட கொண்டு வாங்க” என்றாள், மூச்சு திரும்பிய பிறகு. “நான் கண்ணால பாக்கணும். அப்புறம் பேசலாம்.”

பெரியவரின் போன் அடித்தது. திரையில் வந்த பேரைப் பார்த்துவிட்டு அவர் முகம் அஷ்டகோணலாயிற்று. அப்பா செத்த அன்றுகூட அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றார் சின்னவர், ஒலிபெருக்கியில். “என் யார்டுல ஒரு கேட்டும் திறக்கல. பால் டேங்கர் வெயில்ல நிக்குது.”

“என்னுது மட்டும் என்ன நிழல்லயா நிக்குது? ரெண்டையும் இவ சுட்டுட்டா. புருஷன் வேணுமாம்.”

“அவன் என்கிட்டத்தான் இருக்கான். உன் ஆளுங்க வேனை விட்டுட்டே ஓடிட்டானுங்க. சம்பளம் குடுத்துத்தான் வச்சிருக்கியா?”

“உன் ஆளு ஒருத்தனுக்கு முட்டி போச்சாமே.”

“ரெண்டு பேருக்கு. ஒருத்தனுக்குக் கண்ணும்.” சின்னவர் மூச்சுவிட்டார். “கொண்டு வரேன்.”

முற்றத்துக்கு அவளை மொட்டை தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்தான். அடிபட்ட கால் தரையில் பதியவில்லை. வெயில் சிமெண்டுத் தரையிலிருந்து எழும்பி அடித்தது. சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் நிழலில் ஒதுங்கி நின்று எதையும் பார்க்காத முகத்தோடு எல்லாவற்றையும் பார்த்தார்கள். கேட் இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடு. மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. சின்னக் கதவுக்கும் அதே பூட்டு.

வெளியே லாரி வந்து நின்றது. கேட்டின் இரண்டு கதவுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதில் சின்னவரின் ஒரு கண் தெரிந்தது.

“மேடம், ஆளைக் கொண்டாந்துட்டேன். ஆன் பண்ணுங்க.”

“பேசச் சொல்லுங்க.”

“மயக்கமா இருக்கான்.”

“உயிர் இருக்கா?”

“மூச்சு இருக்கு. அதுக்கு மேல உங்க அதிர்ஷ்டம்.”

அவள் இடைவெளியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். லாரியின் கேபினில் ஒருவன் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், டிரைவர் படுக்கிற பலகையில், கிரீஸ் படிந்த நீலச் சட்டைக் கை ஒன்று தொங்கியது. அசையவில்லை. விரல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“கேட்டைத் திறந்தாத்தானே நீ பாக்க முடியும்” என்றார் பெரியவர் பின்னாலிருந்து, நியாயம் பேசுகிறவர்போல. “கேட் திறக்கணும்னா மேல் இயந்திரம் எழுந்திருக்கணும். எழுப்பு.”

“மேல மட்டும் எழுந்துச்சுன்னா” என்றது கேட்டிலிருந்த கண், “அவன் கழுத்து இருக்காது. கீழதை எழுப்புங்க மேடம்.”

“கீழதை எழுப்பினா இவ கழுத்து இருக்காது” என்றார் பெரியவர்.

அண்ணன் தம்பி இருவரும் கொஞ்ச நேரம் இரும்புத் தகட்டின் இருபுறமும் நின்று மாறி மாறி இரண்டு கழுத்துகளையும் விலை பேசினார்கள். அந்த நேரமெல்லாம் நீலச் சட்டைக் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று சின்னவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் குடும்பத்து வழக்கப்படி அதே நொடியில் பெரியவருக்கும் வந்தது.

“ரெண்டையும் தனித்தனியா எழுப்பிடேன்” என்றார் பெரியவர்.

“அதைத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன்” என்றார் சின்னவர். “அவருக்கு அவருது, எனக்கு என்னுது. சாட்சி கீட்சி எதுக்கு?”

வருஷக்கணக்கில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. மொட்டைக்கே முகம் மலர்ந்தது.

கம்ப்யூட்டரம்மா இடைவெளி வழியே அந்தத் தொங்கும் கையை மறுபடி பார்த்தாள். எவ்வளவு சுலபம். இரண்டு சாவிச்சொற்கள், இருவருக்கும் திருப்தி, கேட் திறக்கும், அவன் கையைத் தொடலாம். சாலையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை வண்டிகளுக்கும் இரண்டு எஜமானர்கள் ஆணை அனுப்ப ஆரம்பிப்பார்கள். ஒரே மேடை, ஒரே வளைவு, ஒரே பெட்ரோல் குழாய், ஆளுக்கு ஒரு டேங்கர். அவள் கண்ணெதிரே அந்தச் சுமைக்காரரின் கால்சட்டை வந்து நின்றது. இந்தத் தடவை ஒரு கால்சட்டையோடு முடியாது.

“ஒரு நிமிஷம் விடு, கால் இழுக்குது” என்றாள். மொட்டை முடியிலிருந்து கையை எடுத்தான். பேரம் படிந்துவிட்டது என்று அவனுக்கு நம்பிக்கை.

கன்டெய்னர் தூக்குகிற பெரிய ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் சாவியோடு நின்றது. டயர் கடைக்கு வரும் வண்டிகளைச் சக்கரம் மாற்ற முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, எதை எங்கே மிதிக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கம். நொண்டிக்கொண்டே போய், வலது கையால் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமிய பிறகுதான் பெரியவர் திரும்பினார்.

“ஏய், என்ன பண்ற? அப்பா போட்ட கேட்டு அது.”

“கேட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க” என்று அவள் வெளியே கேட்கிற மாதிரி கத்தினாள்.

சின்னவர் தள்ளி நிற்கவில்லை. யாராவது ஒன்றைச் செய்யப் போவதாகச் சொன்னால், அது விலையை ஏற்றச் சொல்வது என்றுதான் அந்தக் குடும்பத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

மொட்டை ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டான். கம்பி அவள் தோளில் விழுந்தது. தோள்பட்டை கழன்ற மாதிரி இருந்தது. அவள் மிதியை விடவில்லை. இரண்டாவது அடிக்கு அவன் கையை ஓங்கும்போது சுமை தூக்கும் இரும்பு முட்கள் இரண்டும் தகட்டைக் கிழித்து உள்ளே போயின. மோதிய வேகத்தில் மொட்டை முன்னால் பறந்து, கிழிந்த தகட்டின் விளிம்பில் முகத்தால் விழுந்தான். அப்புறம் அவன் சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. அவள் மறுபடி மிதித்தாள். கீல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பாக்கிபோல வெடித்தன. கேட்டின் ஒரு கதவு, பெரிய மனிதர் கட்டிலில் சாய்வதுபோல நிதானமாக, வெளிப்பக்கமாகச் சாய்ந்தது.

பெரியவர் விழுந்த கதவின்மேல் ஏறி ஓடிவந்தார். அடியில் தம்பி கிடப்பது அலறல் கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் உடனே இறங்கவில்லை.

“காலு” என்றார் சின்னவர் இரும்புக்கடியிலிருந்து. “அண்ணே, காலு.”

அந்த ‘அண்ணே’ வெளியே வந்து எத்தனையோ வருஷமாகிறது. பெரியவருக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே பார்த்தார், லாரியைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

கம்ப்யூட்டரம்மா முட்களை லாரியின் கண்ணாடி உயரத்துக்குத் தூக்கி, அண்ணன் தம்பி இருந்த ஓரத்தை விட்டு விலகி, முன்னால் கொண்டுபோனாள். கேபினில் கத்தியோடு இருந்தவன் முட்களைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். முட்களே தேவலை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபக்கக் கதவைத் திறந்து குதித்து, சாலையைக் கடந்து, வயல்வெளியில் ஓடினான்.

அவள் லாரியில் ஏறினாள். டயர்காரனின் ஒரு காது பாதி தொங்கியது. முகத்தில் மூக்கு எது உதடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வீக்கம். விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு தவறான இடத்தில் ஏறி இறங்கின. ஆனால் ஏறி இறங்கின. அவள் தன் உடைந்த கையை அவன் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். சூடாகக் காற்று வந்தது. அவன் உள்ளங்கையில் பிளாஸ்டிக் சில்லுகள் குத்தியிருந்தன. பெட்டியைத் தூள் தூளாக நொறுக்கிய பிறகும் கையை விரிக்கவில்லை போலிருக்கிறது.

“தங்கச்சி” என்று பெரியவர் கீழேயிருந்து கூப்பிட்டார். குரலில் இப்போது விலை எதுவும் இல்லை. “ஆன் பண்ணிட்டுப் போ. மருந்து வண்டி நாலு நிக்குது. நாளைக்கு எப்படி?”

“நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிங்க. கேபிளை இழுத்துக் கட்டி, புதுசா ஒரு பெட்டி, உங்களுக்கும் எனக்கும் ஒட்டு உறவு இல்லாத எடத்துல வச்சப்புறம் ஆளனுப்புங்க. சாவிச்சொல் அதுவரைக்கும் இங்கயே இருக்கும்.” தலையைத் தொட்டுக் காட்டினாள். “இப்ப அந்தக் கதவை விட்டு இறங்குங்க. கீழ உங்க தம்பி இருக்காரு.”

பெரியவர் இறங்கினார். டிரைவர்கள் இரண்டு மூன்று பேர், யாரும் சொல்லாமலே, கதவைத் தூக்க வந்தார்கள். தகடு உயர்ந்தபோது சின்னவர் போட்ட கூச்சலில் லாரி எஞ்சினின் சத்தமே அமுங்கிப்போயிற்று. மொட்டை சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒற்றைக் கையால் கியரைப் போட்டு, அதே கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, லாரியை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை நெருப்பு ஓடியது. வண்டி இடதுபக்கமே இழுத்துக்கொண்டு போனது. நேராக வைக்க உடம்பின் மிச்சப் பலமெல்லாம் தேவைப்பட்டது.

பின்னால் பலகையில் ஏதோ முனகியது. அவள் பிரேக்கைத் தொடப் போனாள்.

“நிறுத்தாத” என்றான் டயர்காரன், வீங்கின உதட்டுக்குள்ளிருந்து. “மெதுவாப் போ.”

“வலிக்குதாய்யா?”

“முன்னாடி இடது சக்கரத்துல காத்துக் கம்மி. எந்த மடையன் பாத்தான்னு தெரியல.”

“வாயை மூடிட்டுப் படு.”

“வளைவுல ஒடிச்சுத் திருப்பாத. வெடிச்சுடும்.”

அவள் வேகத்தைக் குறைத்து, அவன் சொன்னபடியே, வளைவை அகலமாக எடுத்தாள்.